ஆறாவது ஊசி

அமிர்தவல்லி கையைத் தூக்கியதைப் பார்த்ததும் லீலாவுக்கு எரிச்சலாக வந்தது.

கொடைக்கானலில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் இருவரும் நர்ஸுகள். 1984 பிப்ரவரியில் மன்னவனூர்ப் பக்கமிருந்து தட்டம்மை கண்ட பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். பின்கட்டில் இருந்த பெரிய அறையை அம்மை வார்டு ஆக்கினார்கள்.

டாக்டர் பொன்னுச்சாமி ஊழியர்களைக் கூப்பிட்டார். சின்ன வயதில் அம்மை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது, அவர்கள் மட்டும் வார்டுக்குள் போகட்டும் என்றார். வராதவர்களுக்காக மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஆறு தடுப்பூசி வந்திருந்தது. ஊழியர்களுக்கு மட்டும்தான் போட வேண்டும், மிஞ்சியதை அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டு வாரம் வார்டுப் பக்கம் போகக் கூடாது.

"அம்மை வராதவங்க கையைத் தூக்குங்க."

ஐந்து பேர் தூக்கினார்கள். கொஞ்சம் பொறுத்து ஆறாவதாக அமிர்தவல்லி.

அந்த ஐந்து பேருக்கும் அவள்தான் ஊசி போட்டாள். கடைசியில் அவளுக்குப் போட லீலா கை நீட்டியபோது, தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி, மருந்தோடு துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மை வார்டுக்கு மிஞ்சியது லீலாவும் ஆயா ராக்கம்மாவும்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவள் ராக்கம்மா. அவளுக்குத் தோட்டத்திலேயே அம்மை வந்து போயிருந்தது. இருவரும் முறை மாற்ற ஆளில்லாமல் கஞ்சி ஊட்டினார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், ஒட்டிக்கொண்ட கண்களைத் துடைத்துவிட்டார்கள். லீலாவுக்கு இடுப்பு ஒடிந்தது. அமிர்தவல்லியோ முன்பக்கம் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சில பேருக்கு உயிர் மேல் ரொம்பத்தான் ஆசை என்று அவள் காதுபடவே லீலா சொன்னாள். அமிர்தவல்லி நிமிரவில்லை.

பன்னிரண்டாம் நாள், பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் சேனாதிபதி தங்கையைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், அம்மையே வராத உங்கள் தங்கையால் எங்களுக்கு இரட்டை வேலை என்று லீலா சொல்லிவைத்தாள்.

அவர் சிரித்துவிட்டார்.

"அவளுக்கா வரல? ஏழு வயசுல இதே அம்மை, மணல்வாரி வந்து பத்து நாளு கண்ணு முழிக்காமக் கெடந்தா. பொழச்சு எந்திரிச்சதும் மலைக்குத் தூக்கிட்டுப் போயி மொட்டை போட்டோமே."

லீலா நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

அமிர்தவல்லியைக் கூப்பிட்டு டாக்டர் கேட்டார். அண்ணன் சொன்னது உண்மைதான் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

"அப்ப எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். "தப்புதாங்க சார்."

டாக்டர் மெமோ கொடுத்தார். மறுநாளிலிருந்து ஒரு மாதம் லீவே இல்லாமல் அம்மை வார்டில் வேலை என்றார். சரி என்று வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லாதது லீலாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரி முழுக்க லீலாவைப் பாராட்டியது. ராக்கம்மா மட்டும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம், ஊருக்கு வெளியே, இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லீலாவை அனுப்பினார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். ஒரு வீடு விடாமல் போனாள். பதினான்கு பிள்ளைகளில் பதின்மூன்று பேருக்குக் கண்டிருந்தது. நல்ல வேளையாக, எல்லாருக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசி வீடு ராக்கம்மாவுடையது. பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தது. மேலில் ஒரு தடிப்பு இல்லை. லீலாவைப் பார்த்ததும் சுவரை விட்டுவிட்டு, விழாமல் இரண்டு எட்டு வைத்து, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"இவளுக்கு எப்ப வந்து போச்சு?"

"வரவே இல்ல சிஸ்டர்."

அக்கம்பக்கமெல்லாம் அம்மை. பெற்றவள் தினமும் அம்மை வார்டிலிருந்து வருகிறாள். அது எப்படி வராமல் இருக்கும் என்று லீலா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ராக்கம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கப்பல்ல வந்து எறங்குன வருசம் என் மூத்தவனை இந்த அம்மையிலதான் பறிகுடுத்தேன். இந்தத் தடவை சிஸ்டருங்க எல்லாரும் பிள்ளைகளைக் கீழ ஊருக்கு அனுப்பிட்டீங்க. எனக்கு அனுப்ப ஏது ஊரு?"

லீலாவின் மகனும் முதல் வாரமே பழனிக்குப் போயிருந்தான்.

"ஊசிப் பெட்டி வந்த காலையிலயே, இவளுக்கும் ஒரு ஊசி கெடைக்குமான்னு கேட்டேன். ஊழியருக்கு மட்டும்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. துணி அறையில நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். அமிர்தவல்லி சிஸ்டர் பாத்துட்டு, வெரசாப் போயி பிள்ளையைத் தூக்கிட்டு வான்னாங்க."

குழந்தையின் கையைத் தடவிக்கொண்டே ராக்கம்மா சொன்னாள்:

"அவங்க ஊசியை இவளுக்குப் போட்டாங்க சிஸ்டர். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்னுதான், அத்தனை பேரு ஏசுனப்பவும் வாயைத் தொறக்கல."