கடைசி இடத்துக்கு வந்த கதை

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் பேய்க்கதைத் தொகுப்பு போடும் லோர்னா, சரக்கைத் தட்டிப் பார்த்தே வாங்குகிறவள். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு அவளும் நண்பன் கீத்தும் தனித்தனியே படிப்பார்கள். இருவரும் தலையாட்டினால்தான் கதை உள்ளே போகும். இந்த வருடம் கடைசி இடத்துக்கு இருவரும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

"தீவுக்குப் போற படகுலேர்ந்து விழுந்து ஒருத்தன் முழுகுறான் பாரு, எனக்குக் குலை நடுங்கிடுச்சு," என்றான் கீத், பீரை உறிஞ்சியபடி.

"படகா? இதுல கடலே கிடையாதேடா. குடிச்சிட்டுப் படிச்சியா?"

"நீ மொதல்ல கண்ணாடிய மாத்து, கிழவி."

தாள்களை மாற்றிப் படித்தார்கள். எந்தப் பிரதியை எடுத்தாலும் கீத்துக்குப் படகுதான் வந்தது. லோர்னாவுக்கு ஒரு வீடுதான் வந்தது.

"ஆளுக்கொரு கதைன்னா புஸ்தகம் பிச்சிக்கிட்டுப் போகும்டா," என்று சிரித்தாள்.

கீத் சிரிக்கவில்லை. அவன் வீடு புரூனித் தீவில் இருந்தது. படகுக்கு நேரமாகியும் அவன் எழுந்திருக்கவில்லை.

"லோர்னா, இன்னிக்கு மட்டும் உன் வீட்டு சோபாவுல படுத்துக்கட்டுமா?"

அவள் படித்த கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதன் முடிவில், விடிந்ததும் விருந்தாளி, வீட்டுக்காரியை இன்னும் காணோமே என்று, தானே தேநீர் போட்டுக் குடிக்கிறான்.