நூல் ஆடுதா?

நூல் ஆடுகிறது.

அரை மணி நேரமாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே போகிறது, கீழே வருகிறது, பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நன்றாகத்தான் ஆடுகிறது.

பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்தவர் வாசலில் இரண்டு தடவை மணியடித்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போய்விட்டார். போகட்டும்.

இந்த நூல் விஷயம் என் மனைவியின் கண்டுபிடிப்பு. நூல் என்னுடையது, நாற்பதாம் நம்பர் வெள்ளை. தையல்காரன் வீட்டில் வேறென்ன கிடைக்கும்?

உள்ளறை ஜன்னலோரம் பதினோரு ஆர்கிட் செடிகள் வைத்திருக்கிறாள். மண்ணே வேண்டாம், மரப்பட்டைத் துண்டுகளிலேயே வளர்கிற ஜாதி. தண்ணீர் கூடினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், வெயில் கூடினால் கருகும். இதுகளுக்கு எனக்கு வாய்த்த மாமியாரே தேவலாம் என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக அதுகளுக்குக் காற்று வேண்டும். அறைக்குள் காற்று அசையாமல் நின்றால் வேர் அழுகிவிடுமாம். அதற்காக என் வெட்டுமேசையில் இருந்த சின்ன ஃபேனைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துணியைப் பறக்கடிக்கிற சாமான் தையல்காரனுக்கு எதற்கு என்று என்னிடமே கேள்வி.

கொண்டுபோனதைச் செடிக்கு நேராக வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்து வைத்தாள்.

"நேரா அடிச்சா காஞ்சு போயிடும்ங்க. சுவத்துல பட்டுத் திரும்பி வந்து, தொட்டும் தொடாமப் போகணும்."

தொட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நூல். நடுத்தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, நுனியில் ஒரு சாண் நூலைத் தொங்கவிட்டாள். நூல் பறந்தால் காற்று அதிகம். சும்மா தொங்கினால் காற்று இல்லை. ஆடினால் சரி.

அன்றிலிருந்து எனக்கு உத்தியோகம் கூடிவிட்டது. சமையலறையிலிருந்து கத்துவாள், "ஏங்க, நூல் ஆடுதா?" நான் தையல் மெஷினை விட்டு எழுந்துபோய்ப் பார்த்து, "ஆடுது, ஆடுது, குத்தாட்டமே போடுது" என்பேன்.

நான்கு மாதமாக அவள் கத்துவதில்லை. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி. கத்த மூச்சு வேண்டுமே! இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கட்டிலைச் செடிகள் இருக்கிற அறையிலேயே போடச் சொன்னாள். போட்டேன். அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

போன வாரம், வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராகப் போய் ஃபேனை எடுத்துவந்து, கட்டில் பக்கத்தில் அவள் முகத்துக்கு நேராக வைத்தார்.

"முகத்துல காத்து பட்டா மூச்சு முட்டுறது கொஞ்சம் லேசாத் தெரியும். நிறுத்திடாதீங்க ஐயா."

என்ன மாயமோ, காதுவரை ஏறியிருந்த அவள் தோள்கள் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் இறங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செடிகளுக்குத்தான் கெட்ட காலம். இன்னொரு ஃபேன் வாங்கினால் ஆயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். கடைக்குப் போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் அவளைத் தனியாக விட எனக்குத் தைரியம் இல்லை. ஜன்னலோரம் மூன்று மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன. அவள் கண்ணில் படாமல் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசத்தான் அவளுக்குத் தெம்பு இருந்தது. அந்த இரண்டையும் இதற்கே செலவழித்தாள். "நூல்... ஆடுதா?"

"ஆடுது, ஆடுது" என்றேன். குச்சி நுனியில் நூல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாக இதே பொய். காற்று முழுக்கத் தன் முகத்தில் அடிக்கும்போது அங்கே எப்படி ஆடும் என்று அவள் மடக்கியிருக்கலாம். முப்பத்தோரு வருஷமாக என் ஒரு பொய்யையும் விட்டுவைக்காதவள். இதை மட்டும் கேட்டுவிட்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டாள்.

இன்று மத்தியானம் வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் கேட்கவில்லை.

கேட்பாள் என்று டம்ளரோடு நின்றேன். கண்கள் மூடியிருந்தன. தோள்கள் நன்றாக இறங்கியிருந்தன. நெற்றி முடி காற்றில் பறந்தது, போர்வை படபடத்தது. அந்தப் படபடப்பில் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. கூப்பிட்டேன். மாத்திரை போட்ட தூக்கத்தில் எப்போதுமே நான் கூப்பிட்டால் அவள் எழுந்திருப்பதில்லை. கையைத் தொட்டேன். அது ஒரு மாதமாகவே ஜில்லென்றுதான் இருக்கிறது.

போய், குச்சியிலிருந்து நூலை அறுத்து எடுத்துவந்தேன்.

அதைத்தான் அவள் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபேன் ஓடுகிறது. ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும், நூலை ஆட்டுவது எது என்று தெரிந்துவிடும்.

நிறுத்தக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். அவர் நாலு மணிக்குத்தான் வருவார்.

"ஆடுதும்மா," என்கிறேன். "நல்லா ஆடுது."