வயிறில்லாத கிட்டார்

மத்தியான மரண அறிவித்தலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கிட்டாரின் வயரை றேடியோவின் பின்புறம் கொழுவினேன்.

கொழுவினால் வானொலி அடங்கிவிடும். கிட்டார் மட்டும்தான் கேட்கும்.

ஜப்பானில் செய்த மலிவு மின்கிட்டார். வடிவம் அமெரிக்கக்காரனுடையது. தலையில் எழுதியிருந்த பெயர்கூட அவனுடையதுதான், ஓர் எழுத்து மாற்றம். குழியில்லாத மொத்தப் பலகை. வயர் இல்லாவிட்டால் நுளம்புச் சத்தம். கிளிநொச்சியில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பற்றரி றேடியோதான் அதற்கு வாய்.

"வயிறில்லாத சாமான்," என்பாள் என் மனைவி கமலாசனி. "சோறு கேளாது. அது மட்டும்தான் நல்லது."

இன்று பகடி இல்லை. மரவள்ளிக்கிழங்கை உரித்தபடி சொன்னாள். "இஞ்சாருங்கோ, அறிவித்தல் நேரம். அதைக் கழட்டுங்கோ."

அவள் என்னோடு வெளிக்கிட்டு வந்து எட்டு வருடம். அன்றோடு வீட்டார் அவளைக் கைகழுவிவிட்டார்கள். கரவெட்டியில் தாய் படுக்கையில். தந்தி வராது. செத்தவரின் பேரையும் பிள்ளைகளின் பேரையும் வானொலி வாசித்தால்தான் தெரியும்.

"ஒரு பாட்டு," என்றேன்.

எனக்கு ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தைப் போல அதையும் பாதியில் விட்டவன். தெரிந்த நாலு சுரங்களையே திரும்பத் திரும்பத் தட்டினேன். அரிசி ஆலையில் இரவு முழுக்க நின்ற கால் மரத்திருந்தது. விரலும் அப்படித்தான்.

அவள் எழுந்து வரவில்லை. கிழங்கை முடித்தாள். கத்தியைக் கழுவினாள்.

கால் மணி நேரத்தின் பின் வயரை இழுத்தேன். வானொலியில் ஏதோ சினிமாப் பாட்டு போனது.

"அம்மா செத்தது தெரியும்," என்றாள். "பக்கத்து வீட்டு விமலேஸ்வரியக்கா காலமை றேடியோவில கேட்டிட்டு வேலியடியில வந்து சொன்னவா. அஞ்சு மணிக்கு எடுக்கினமாம்."

நானும் அந்தக் காலை அறிவித்தலைக் கேட்டிருந்தேன், ஆலைக்கு முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடை வானொலியில்.

"பிள்ளையளின்ரை பேர் வாசிக்கேக்கை அவாவின்ரை குழந்தை கத்திப்போட்டுதாம். விளங்கேல்லையாம்." என்னைப் பார்க்காமல் கேட்டாள். "என்ரை பேரும் சொன்னவையோ?"

"ஓம்."

"எத்தினையாவது?"

"மூண்டாவது."

தலையை ஆட்டினாள்.

"அப்ப போகலாம். ஒண்டரை பஸ் இருக்கு."

பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை உதறினாள்.

இரண்டாவது பிள்ளையின் பெயருக்கும் நாலாவது பிள்ளையின் பெயருக்கும் நடுவில் அறிவிப்பாளர் மூச்சுக்கூட விடவில்லை.