துண்டு போட்ட இடம்

ராயபுரம் ஸ்டேஷன் தூண்களுக்கு நடுவே காலை வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கட்டுப்போட்ட காலோடு அரக்கோணம் பாசஞ்சரைப் பார்த்து மலைத்து நிற்கிறாள். பெட்டியெல்லாம் கூட்டம், நின்றுகொண்டே போக அவளால் முடியாது. வழிகாட்ட வந்த தோல் வியாபாரி ஹுமாயூன், தன் பச்சைத் துண்டை ஜன்னல் வழியாகப் பலகையில் மிச்சமிருந்த ஒரே காலி இடத்தில் வீசுகிறார். "எடம் புட்ச்சாச்சு, ஏறுங்கம்மா!" அவள் முட்டி மோதி உள்ளே போகிறாள். துண்டு அவர் கைதவறி விழுந்ததாக நினைத்து, அழகாக மடித்து, புன்னகையோடு ஜன்னல் வழியே அவரிடமே நீட்டுகிறாள். "அய்யோ, அத்த ஏம்மா எடுத்தே?" என்று அவர் அலறுவதற்குள் மீன்கூடைக்காரி கன்னியம்மா அங்கே உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னா மாமு கத்துறே? துண்டு இல்லாத எடம் உன் பாட்டன் வூட்டு சொத்தா?" எஞ்சின் ஊதுகிறது. துண்டை விரித்து அதன்மேல் உட்காரவேண்டும் என்று ஹுமாயூன் அவசரமாகச் சைகை காட்டுகிறார். வெள்ளைக்காரி புரிந்ததாகத் தலையசைக்கிறாள். துண்டைத் திரும்ப வாங்கி, சுருக்கமில்லாமல் கன்னியம்மாவின் மடிமேல் விரிக்கிறாள். பிறகு உட்காரத் திரும்புகிறாள். பெட்டியே எட்டி எட்டிப் பார்க்கிறது. "அடிப்பாவி, எம்மேலயே எடம் புடிக்கிறாளே!" கன்னியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், சிரித்தபடியே பக்கத்து ஆளை இடுப்பால் ஒரு நெட்டு நெட்டி நகர்த்துகிறாள். வண்டி புறப்படுகிறது.