பதினெட்டு மில்லிமீட்டர்

நகரியிலிருந்து சம்பந்தி தாமோதரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு பெரிய கவர். லக்னப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஏகாம்பரம் முடிவே கட்டிவிட்டார்.

வராமல் என்ன செய்வார்? திருப்பதி டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக் கேன்சர் இல்லை என்று சொன்ன சந்தோஷத்தில், ஏகாம்பரம் அப்படியே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து திருமலை மொட்டையாகவே பார்த்து வளர்ந்த பிச்சாட்டூர் ஜனம், இந்த மொட்டையை மட்டும் கேன்சர் வைத்தியம் என்று ஊதிவிட்டது. மகள் கல்பனா கல்யாணத்துக்கு இருபது நாள்தான் பாக்கி. ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனி மாப்பிள்ளையோடு அவள் தினமும் போனில் பேசி மனசையும் கொடுத்துவிட்டாள்.

"ஊர்ல ஏதேதோ சொல்லிக்கினு திரியறாங்களே, நிஜமா?" தாமோதரன் நேராகவே கேட்டார்.

"ஏழுமலையான் சத்தியமா கேன்சர் இல்ல சம்பந்தி. கணையத்துல ஒரு நீர்க்கட்டி. பின்னால கேன்சரா மாறுனாலும் மாறும், மாறாமயும் போவுமாம். ஆறு மாசத்துக்கு ஒருதபா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கினே இருக்கணும். மாத்திரைகூட தரல. மலை மேல லட்டாவது குடுத்தாங்க."

தாமோதரன் சிரிக்கவில்லை. "கட்டி பெரிய குழாய்லயா, கிளைக் குழாய்லயா?"

தறி ஓட்டுகிற மனுஷனுக்குக் கணையத்தில் குழாய் இருப்பது எப்படித் தெரியும்? எவனோ டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். "கிளையில" என்றார் ஏகாம்பரம்.

"அளவு?"

"பதினெட்டு மில்லிமீட்டர்."

"உள்ள கெட்டியா எதுனா இருக்குதா?"

"ஒண்ணும் இல்லையாம்."

ஏகாம்பரத்தின் மனைவி கமலம்மா பஜ்ஜித் தட்டை வைத்தாள். "எண்ணெய்ப் பலகாரம் வேணாம்மா" என்று தாமோதரன் நகர்த்தி வைத்தார். சம்பந்தி கை நனைக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று அவள் அடுப்படிக்குப் போய் மூக்கை உறிஞ்சினாள்.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "கவர்ல இருக்கறத எடுங்க. பொண்ணு வர்றதுக்குள்ள குடுத்துட்டுப் போயிடுங்க."

தாமோதரன் தயங்கித் தயங்கிக் கவரைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒரு ஸ்கேன் படம். மூலையில் தாமோதரன் என்று பெயர்.

"எனக்கு இருபத்திரண்டு, சம்பந்தி. கல்யாணத்த நிறுத்திடாதீங்க."