பயப்படாதம்மா

"பயமா இருக்காம்மா?"

"ஆமா. யாராவது ஏதாவது கேட்டு நான் முழிச்சா?"

"தெரியலன்னு சொல்லு. யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க."

அம்மாவும் மகளும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் இன்றுதான் வேலைக்கு முதல் நாள். மாற்றுத்திறனாளி இளைஞர்களோடு வேலையிடத்தில் கூடவே இருந்து பழக்கிவிடும் உதவியாளருக்கு, இன்னும் ஒரு வருடம் அரசே சம்பளம் தரும் என்று போன வாரம் செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் கடைக்காரரிடம் வருவதாகச் சொன்னதே.

"கம்ப்யூட்டர்ல பில் போடச் சொல்வாங்களாம்."

"ஒரு தடவை சொல்லிப் புரியலன்னா இன்னொரு தடவை கேளு. இதுல என்ன வெட்கம்?"

"திட்டினா?"

"சாயங்காலம் என்கிட்ட வந்து சொல்லு, பாத்துக்கலாம். தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"

"ம்."

"அப்புறம் என்ன, பயப்படாதம்மா."

உதவியாளர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். "கிளம்பலாமா? நேத்து நீ அடுக்காம பாதியில விட்ட புத்தகமெல்லாம் லைப்ரரில அப்படியே கிடக்கு."

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள் மகள். சொன்ன பேச்சுக் கேட்காத விரல்களால் அம்மாவின் கைப்பை ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"எங்கம்மா வேலைக்குப் புதுசு. என்னை விட்டுட்டு இதுவரைக்கும் எங்கயும் போனதில்ல. பஸ் ஏத்திவிட்டுட்டு வந்துடறேன்."