பனியூர் மூடுகிறது

“அப்படி இல்லம்மா. பயப்படாம விடு. விழுந்தாத்தான் சறுக்க வரும்.”

“விழுந்துட்டேதான இருக்கறேன் கண்ணு.”

“நீ எங்க விழுந்தே? உக்காந்துட்டே.”

கரடி சிரித்தது.

அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் அவள் கைப்பேசியை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள். விளையாட்டுத் திரையில் கரடித் தொப்பி போட்டு நிற்கும் அந்தச் சின்ன உருவம் அவள் மகள் தன்யஸ்ரீ. ஈரோட்டில், அப்பா வீட்டில், மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு விளையாடுவாள். அம்மா அப்படி நினைத்துக்கொள்வாள்.

அம்மா இருந்தது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில். சாயங்கால டீ நேரம். கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த சட்டைகளில் சாய்ந்திருந்தாள். கடலுக்கு அப்பால் யாருக்கோ வரப்போகும் கோடைக்கான சட்டைகள். ஒரு காதில் மகள். மற்றொரு காது சூப்பர்வைசரின் செருப்புச் சத்தத்துக்கு.

திரையில் பனி பெய்துகொண்டிருந்தது.

அம்மாவும் மகளும் நிஜப் பனியைப் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் அந்த விளையாட்டுக்குள் ஓர் ஊர் திறக்கும். பனியூர். மற்ற நாட்களில் ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் போக வேண்டுமென்றால் நண்பர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பனியூருக்கு அது வேண்டாம். யாரும் வரலாம். பக்கத்தில் போய் நின்றால் பேசுவது கேட்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறுகளில் காய்ச்சல் வந்தது. பரீட்சை வந்தது. யாருக்கோ கல்யாணம் வந்தது. பிறகு அவள் அழைப்பு அந்த வீட்டுக்குப் போவதே நின்றுவிட்டது.

பனியூர் திறந்த அன்று அவள் உள்ளே போய்த் தேடினாள். வண்ண வண்ணத் தொப்பிகள். எவர் எவரோ. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, எப்போதோ அவள் வாங்கிக்கொடுத்த தொப்பியோடு, ஒரு கரடி யாருடனும் விளையாடாமல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

இன்றைக்குப் பனியூர் மூடுகிறது.

தங்கச் சீட்டு வாங்கியவர்கள் மட்டும் பொங்கல் வரை இருக்கலாம் என்று நடுத்தெருவில் பலகை தொங்கியது. காலையில் கம்பெனி பஸ்ஸிலேயே அவள் தனக்கொன்று வாங்கிவிட்டாள். மகளுக்கும் வாங்கலாம் என்று நினைத்துத்தான் தனக்கு வாங்கினாள்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் தங்கச் சீட்டு வாங்கிட்டாங்கம்மா. ஜோஷிதாகூட வாங்கிட்டா. அப்பாகிட்டக் கேட்டா, ‘இல்லாத ஊருக்கு எதுக்குடி டிக்கெட்டு’ங்கறாரு.”

அவளுக்கே சிரிப்பு வந்தது. அவர் அப்படித்தான் சொல்வார்.

“உனக்கு அனுப்பலாம்னு பாத்தேன் கண்ணு. அமுக்கினா அமுங்கவே மாட்டேங்குது.”

“எப்பிடி அமுங்கும்? லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குத்தான் அனுப்ப முடியும்.”

கரடி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றியது.

“நீதான என்னைய எடுத்துட்டே.”

பனி பெய்தது.

பட்டியலிலிருந்து ஒரு பெயர் போனால் விளையாட்டு ஒரே ஒரு வரி சொல்லும். ‘இவர் இனி உங்கள் நண்பர் இல்லை.’ யார் எடுத்தார்கள் என்று சொல்லாது.

அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் சேரக் கேட்டு அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. ‘பெற்றோர் அனுமதிக்கவில்லை.’

பெற்றோர். அந்தச் சொல்லை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். நான் இல்லை, உன் அப்பா. அவ்வளவுதான்.

ஆனால் இன்றைக்கும் அந்தக் குழந்தைக்கு அவர்தான் சோறு போடுவார். கனவு கண்டு பயந்தால் அவரிடம்தான் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

“கை பட்டிருச்சு சாமி,” என்றாள். “அம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியுது? எதையோ அமுக்கப் போயி என்னமோ ஆயிருச்சு.”

கரடி கிட்டே வந்தது.

“நெசமா?”

“நெசமா.”

“வேணும்னு எடுக்கலையா?”

“அம்மா அப்பிடிச் செய்வனா?”

கரடி குதித்தது. இன்னொரு முறை குதித்தது. பிறகு நிறுத்தத் தெரியாதது போலக் குதித்துக்கொண்டே இருந்தது.

“லூசு அம்மா. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்.”

நடுத்தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சீட்டு இல்லாதவர்கள் காலிலிருந்து மேல்நோக்கிக் கரைய ஆரம்பித்தார்கள். அவள் திரையில் தன் உருவத்தின் கால்களைப் பார்த்தாள். அவை பனியில் நன்றாக ஊன்றி நின்றன.

பின்னால் மெஷின்கள் ஓடத் தொடங்கின.

“அப்ப ஒண்ணுமே பிரச்சனை இல்லையே! நீயே திரும்பச் சேத்திக்க. என் பேருக்கு மேல ஒரு ப்ளஸ் இருக்கும் பாரு. அதைய அமுக்கு.”

அவளுக்கு அந்தக் குறியைத் தெரியும். அமுக்கினால் திரும்பி வரும் வரியையும் தெரியும். கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது.

“அம்மா, சீக்கிரம். எனக்குக் காலு போயிருச்சு.”

தொப்பியும், அதற்குக் கீழே கொஞ்சம் முகமும் மிச்சமிருந்தன.

“ஏம்மா சும்மா நிக்கறே? என்னையச் சேத்திக்கம்மா.”